விலக்குகளில் போகும் உயிர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விருதுநகர், ராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களில் பைக் விபத்துகள் திரும்பத் திரும்ப நடக்கும் இடம், ஊர்ச்சாலை பெரிய சாலையில் ஏறுகிற விலக்கு. 2022-இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறக்குறைய 68 விழுக்காட்டினர் உயிரிழந்தது ஊரகப் பகுதிகளில்தான். ஆனாலும் சீரமைப்புப் பணிக்கு இடம் தேர்வு செய்யும்போது நம் விலக்குகள் விடுபட்டுப் போகின்றன.

காரணம், அடிக்கடி விபத்து நடக்கும் இடத்தைக் 'கரும்புள்ளி' என்று குறிப்பதற்கான வரையறை. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டருக்குள் 3 ஆண்டுகளில் உயிரிழப்போ படுகாயமோ ஏற்பட்ட 5 விபத்துகள், அல்லது 10 உயிரிழப்புகள் நிகழ்ந்திருக்க வேண்டும். பெருநகரச் சந்திப்புகளைக் கண்டுபிடிக்க இது உதவும். கிராமத்துச் சாலையிலோ இந்த விலக்கில் ஒருவர், அடுத்த விலக்கில் ஒருவர் என்று சாவு சிதறிக் கிடக்கிறது. கூட்டிப் பார்த்தால் பெரிய எண்ணிக்கை, இடவாரியாகப் பார்த்தால் எதுவும் கணக்கில் ஏறாது. அதனால் ஐந்தாவது விபத்துக்குக் காத்திராமல், எல்லா விலக்குகளிலும் ஒரே மாதிரியான வேலைகளைச் செய்வதுதான் சரி.

முதல் வேலை பார்வையைத் திறப்பது. பிரதான சாலையில் 80 கி.மீ. வேகத்தில் வண்டிகள் வரும் இடத்தில், ஊர்ச்சாலையில் 15 மீட்டர் உள்ளே நிற்பவருக்கு இருபுறமும் 180 மீட்டர் தூரம் தெரிய வேண்டும் என்கிறது, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் அமைப்பின் நெறிமுறை. அது ஏறக்குறைய 8 நொடிப் பயணம். பார்த்து, முடிவெடுத்து, சாலையைக் கடக்க அவ்வளவு நேரம் வேண்டும். நம் பக்கம் சீமைக்கருவேலம் தார் விளிம்புவரை கவிந்திருப்பதால், பைக்கின் முன்சக்கரம் சாலையில் ஏறிய பிறகுதான் வருகிற வண்டி கண்ணில் படுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை அரிவாளால் வெட்டிப் போடுவது வீண். அடிக்கட்டை பக்கத்துக்கொன்றாகத் துளிர்த்து, அடுத்த மழைக்கே முன்னைவிட அடர்த்தியாக நிற்கும். பொக்லைன் வைத்துத் தூரோடு பிடுங்க வேண்டும். ஊர்ச்சாலையில் நிற்பவரின் பார்வை இருபுறமும் விரியும் முக்கோணப் பரப்புக்கு வெளியே விளம்பரத் தட்டிகளையும் பெட்டிக்கடைகளையும் தள்ள வேண்டும். இதற்குக் கடைக்காரர்கள் வருந்துவார்கள். மாற்றிடம் காட்டிவிட்டுச் செய்யலாம்.

அடுத்தது வேகத்தடை. அது ஊர்ச்சாலையில், பிரதான சாலையைத் தொடுமுன் இருக்க வேண்டும். 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், வளைவான முதுகு, கறுப்பு வெள்ளைப் பட்டை, 40 மீட்டர் முன்பே எச்சரிக்கைப் பலகை. ஊரார் சேர்ந்து இரவோடு இரவாகப் போடும் குறுகலான சிமெண்ட் திட்டு இதற்கு ஈடாகாது. பின்னால் உட்கார்ந்து வரும் பெண்கள் தூக்கி எறியப்படுவது அதில்தான்.

மூன்றாவது, சாலையோரப் புருவம், அதாவது தார் விளிம்பை ஒட்டிய மண் ஓரம். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்கிறது, ஓரத்து மண் மழையில் கரைந்து இறங்குகிறது. 3.75 மீட்டர் அகல ஒற்றைத் தடச் சாலையில் எதிரே பஸ் வந்தால் பைக் ஓரம் இறங்கியே ஆக வேண்டும். அரைச் சாண் பள்ளத்தில் இறங்கிய சக்கரத்தைச் சட்டென்று திருப்பி ஏற்றப் பார்க்கும்போது டயர் விளிம்பில் உரசி வண்டி சாய்கிறது. புதுத் தார் போடும் ஒப்பந்தத்திலேயே, கிராவல் கொட்டி ரோலர் ஓட்டிப் புருவத்தைச் சமப்படுத்தும் செலவையும் சேர்க்க வேண்டும். அது முடியாமல் பில் தொகை கொடுக்கக் கூடாது.

நான்காவது, இரவில் போகும் டிராக்டர் டிரெய்லர். பின்னால் வரும் வண்டியில் மங்கல் வெளிச்சத்தில் வைத்த முகப்பு விளக்கு 40, 50 மீட்டர்தான் காட்டும். 80 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 22 மீட்டர். ஆபத்தை உணர்ந்து பிரேக்கில் கால் வைக்க இரண்டரை நொடி என்றால் 55 மீட்டர் அதிலேயே தீர்ந்துவிடும். வைக்கோல் பாரம் பின்விளக்கை மறைத்துவிடும். பல டிரெய்லர்களில் விளக்குக்கான ஒயரே இணைத்திருக்காது. பின்புறம் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்புறம் வெள்ளை என 50 மில்லிமீட்டர் அகல ஒளிரும் பட்டையை, தூசி துடைத்து, பாரம் மறைக்காத கீழ்ச்சட்டத்தில் ஒட்ட வேண்டும். பழுதாகி நின்ற வண்டிக்கு அண்டை கொடுத்த கல்லைப் புறப்படும்போது எடுத்துப் போட வேண்டும். தை, மாசியில் கம்பும் உளுந்தும் காயவைத்துச் சுற்றி அடுக்கும் கற்களுக்கும் இதே விதி. களம் இல்லாத ஊரில் விவசாயியைத் திட்டிப் பயனில்லை. முதலில் உலர்களம் கட்டித் தர வேண்டும்.

விபத்து நடந்தால் 108-க்குச் சொல்லும்போது ஊர்ப்பெயரோடு கிலோமீட்டர் கல்லின் எண்ணையும், இடையில் 2, 4, 6, 8 என்று நிற்கும் சிறு கல்லின் எண்ணையும் சொன்னால் வண்டி தேடி அலையாது. மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவின்படி, உதவியவர் தன் பெயரைச் சொல்லக்கூடக் கட்டாயமில்லை. 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் பட்டியலிடப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர உயிர்காக்கும் சிகிச்சை இலவசம். பணத்துக்குப் பயந்து தூக்கத் தயங்க வேண்டாம்.

அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடும்போது 'விபத்தைத் தடுக்க நடவடிக்கை தேவை' என்று பொதுவாக எழுதினால் கோப்பில் கிடக்கும். சாலையின் பெயர், கிலோமீட்டர் கல், எந்தப் பக்கம் எத்தனை மீட்டருக்கு முள் மறைக்கிறது, புருவம் எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். ஊர்ச்சாலை என்றால் ஊராட்சி ஒன்றியத்துக்கும், மாநிலச் சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை உதவிக் கோட்டப் பொறியாளருக்கும் அனுப்பி, ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் ஒரு நகல் வையுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், விருதுநகர் மாவட்டம்