ரேடியோக் காசு

ஆசிரியருக்கு வணக்கம்,

சுவிஸ்ல பொது ரேடியோ டிவிக்கு வீட்டுக்கு வருஷம் 335 ஃபிராங்க் கட்டுறம், பில் வந்தாலே எங்கட ஆக்களும் புறுபுறுக்கினம், இந்த ரேடியோ டிவி சனத்தின்ர குரல் இல்லை மேலிடத்து இடதுசாரியளின்ர குரல் எண்டு வலதுசாரி எஸ்விபி கட்சி கனகாலமாச் சொல்லுற கதையை அப்பிடியே திருப்பிச் சொல்லினம். அதை ஒருக்கா நம்பிட்டா பிறகு எந்தச் செய்தியும் எடுபடாது. ஆனா 2018 மார்ச்சில, இந்தக் கட்டணத்தையே நிப்பாட்டச் சொன்ன 'நோ பில்லாக்' வாக்கெடுப்பில 71.6 வீதம் பேர் கட்டணம் இருக்கட்டும் எண்டவை. சுவிஸின்ர சின்ன மொழியான ரோமான்ஷ் பேசுறவை கொஞ்சப் பேர்தான், விளம்பரக் காசை மட்டும் நம்பினா அவைக்கு ஆர் செய்தி வாசிப்பினம்? சின்ன மொழிக்காரர் எங்களுக்கே இது விளங்காட்டி எப்பிடி!

2020 கொரோனா நேரம் குசினி ரேடியோவுக்குப் பக்கத்தில பேனையோட இருந்து ஒவ்வொரு அறிவிப்பையும் அம்மாவுக்குத் தமிழில எழுதிக் குடுத்தனான். வாட்ஸ்அப் வதந்தியளை அவ அதைப் பாத்துத்தான் விட்டவ.

ஒரு வாசகர், சூரிச்