மீட்டரில் கை வைப்பதற்கு முன், மெக்கானிக் அண்ணன்மாரே

பழைய வண்டி பார்க்கும் அண்ணன்மாருக்கு வணக்கம்.

என்னிடம் இருப்பது 1998 மாருதி 800. போன ஐப்பசி மழையில் ஒருநாள் காலையில் பார்த்தால், ஸ்பீடோமீட்டர் கண்ணாடியின் உள்பக்கம் இட்லிச் சட்டி மூடியில் கோத்திருப்பது போல முத்து முத்தாக நீர், முள் எங்கே நிற்கிறதென்றே தெரியவில்லை. ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்காமல் "மீட்டர் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்று சொல்லி, பழைய சாமான் கடையிலிருந்து ஒன்றை வாங்கி மாட்டிவிட்டார்கள். பத்தாவது நாள் அடுத்த மழை, அதிலும் அதே பனி.

அதைவிடக் கொடுமை, 1,12,000 கிலோமீட்டர் ஓடிய என் வண்டி இப்போது 43,000 காட்டுகிறது. நாளைக்கு விற்கப் போனால் நான்தான் ஓட்டத்தைக் குறைத்தேன் என்பார்கள். பழைய மீட்டரைக் கேட்டால் குப்பையில் போட்டாச்சாம்.

சரி என்று நானே இறங்கினேன். முன்சீட்டுக் கால்மிதியைத் தூக்கினால் அடியில் ஈரம், ஊறிய சாக்கு வாடை. மகனை டார்ச்சோடு உள்ளே உட்காரவைத்துவிட்டு, முன்கண்ணாடியின் கீழ் விளிம்பில் ஆரம்பித்து மெதுவாக மேலே மேலே தண்ணீர் விட்டேன். "அப்பா, இங்க வருது!" வைப்பருக்குக் கீழே தண்ணீர் வடியும் வழியை வேப்பஞ்சருகு அடைத்திருந்தது, கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் ஒரு மூலையில் வெடித்திருந்தது. இப்படிப் புகுந்த தண்ணீர்தான் பகல் சூட்டில் ஆவியாகி, ராத்திரி குளிர்ந்ததும் மீட்டர் கண்ணாடியில் படிகிறது. பீடிங் மாற்றியதற்கு மீட்டர் காசில் பாதிகூட ஆகவில்லை.

அதனால் முதலில் கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள் அண்ணே. முன்கண்ணாடியின் உள்பக்கம் பிசுபிசுவென்று படிந்து இனிப்பு வாடையும் அடித்தால் ஹீட்டரில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிகிறது, அது வேறு வேலை. மீட்டரைக் காயவைக்க வேண்டுமென்றால் பேட்டரி வயரை எடுத்துவிட்டுக் கழற்றி, புதுச் செருப்புப் பெட்டியில் வருமே அந்தச் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்தைப் போட்டு மூடிய டப்பாவில் ஓரிரவு வைத்தால் போதும். தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள், மீட்டர் கண்ணாடி என்று நாம் சொல்வது பிளாஸ்டிக்தான், பால் போல வெளுத்துவிடும்.

மாற்றியே தீரவேண்டும் என்றால் பழைய மீட்டரின் ஓட்டத்தைப் பில்லில் எழுதி, அந்த மீட்டரையும் எங்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். குப்பையில் போடுவதை நாங்களே போட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
43,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய 1998 வண்டிக்காரன்