ஃப்ரிட்ஜ் ஒரு நாள் சும்மா நிற்கட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வாங்கி வந்த பழைய ஃப்ரிட்ஜ் ராத்திரி முழுக்க ஓடியும் குளிரவில்லை என்று காலையில் போனில் நீ அழுதுவிட்டாய். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்த்த எனக்கும் பதற்றமாகிவிட்டது, "முதல்ல சுவிட்சை அணை" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மத்தியானம் முழுக்க அதே நினைப்பு. போனில் விளக்கினால் பாதிதான் காதில் ஏறும், குழந்தை வேறு இடுப்பில் இருப்பாள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தம்பி இதைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவான்.

6,500 ரூபாய் கொடுத்து ஏமாந்துவிட்டோம் என்று இப்போதே முடிவு கட்டிவிடாதே. தாம்பரத்தில் விற்றவர்கள் வீட்டில் பார்த்தபோது ஃப்ரீசரில் ஐஸ் கெட்டியாக இருந்தது என்று மாப்பிள்ளை சொன்னார். அப்படியென்றால் அந்த வீட்டை விட்டுக் கிளம்பும்வரை அது நல்ல ஃப்ரிட்ஜ்தான். அப்புறம்தான் குட்டியானை வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். வேளச்சேரி வந்து சேர ஒன்றரை மணி நேரம். மாடிப்படியில் மறுபடியும் சாய்த்துத் தூக்கியிருக்கிறார்கள். நிமிர்த்தி வைத்த கையோடு பிளக்கைச் சொருகியிருக்கிறீர்கள். எனக்குச் சந்தேகமெல்லாம் இங்கேதான்.

பின்பக்கம் அடியில் கறுப்பாக, குண்டாக ஒன்று இருக்கிறதே, அதுதான் கம்ப்ரஸர். உள்ளே மோட்டார் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும். அதற்கு அடியில் ஏறக்குறைய ஒரு டம்ளர் எண்ணெய் இருக்கும். ஃப்ரிட்ஜ் நிற்கும்வரை அந்த எண்ணெய் தன் இடத்தில் கிடக்கும். படுக்கவைத்தால் குழாய்க்குள் ஓடிவிடும். குளிரவைக்கிற கேஸ் போகிற வழியில் கேப்பிலரி என்று ஒரு செம்புக்குழாய் உண்டு, அதன் துளை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. எண்ணெய் அங்கே போய் அடைத்துக்கொண்டால் கேஸ் சுற்றாது. கேஸ் சுற்றாவிட்டால் ராத்திரி முழுக்க ஓடினாலும் தண்ணீர் தண்ணீராகவேதான் இருக்கும். எண்ணெய் குறைவாக ஓடுகிற கம்ப்ரஸர் உள்ளுக்குள் தேயவும் செய்யும். அதனால்தான் உடனே அணைக்கச் சொன்னேன்.

சாதாரணமாக நான்கு மணி நேரம் நிற்கவைத்தால் போதும். இது இவ்வளவு நேரம் படுத்து வந்து, ஒரு ராத்திரி ஓடவும் ஓடிவிட்டது. அதனால் ஒரு நாள் முழுக்க நிற்கட்டும், நாளை காலை பத்து மணிக்குப் போடு. அதுவரை கதவுகளைக் கொஞ்சம் திறந்தே வை, உள்ளே வாடை பிடிக்காது. பாலை வேளைக்கு வேளை வாங்கிக் காய்ச்சிக்கொள். மாவுப் பாத்திரத்தை அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதில் வைத்து, ஈரத்துணியைச் சுற்றிவிடு. ஒரு நாள் தாங்கும்.

போடுவதற்கு முன்னால் சில விஷயங்கள். எக்ஸ்டென்ஷன் போர்டு வேண்டாம், சுவரில் இருக்கிற எர்த் உள்ள பிளக்கிலேயே நேராகச் சொருகு. பின்னால் ஒரு சாண் இடம் விடு. உள்ளே குளிர் கூட்டிக் குறைக்கிற திருகு நடுவில் இருக்கிறதா பார், கழுவித் துடைக்கும்போது அது பூஜ்யத்துக்குப் போயிருக்கலாம். இப்படித் திருகு திரும்பிக் கிடந்த ஃப்ரிட்ஜுக்காக நான் சைக்கிளில் திருமங்கலம் வரை போய் வந்திருக்கிறேன்.

போட்ட பிறகு காதையும் கையையும் நம்பு. "சத்தம் வருதுப்பா, ஆனா குளிரலை" என்றாய். டபுள் டோரில் ஃப்ரீசருக்குள் ஒரு ஃபேன் உண்டு, நீ கேட்டது அதன் சத்தமாகக்கூட இருக்கலாம். பல மாடல்களில் கதவைத் திறந்தால் அந்த ஃபேன் நின்றுவிடும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பின்பக்கம் குனிந்து கேள். கம்ப்ரஸர் சத்தம் அடியிலிருந்து, தேனீ அடைபட்ட மாதிரி சீராக வரும். புறங்கையால் கம்ப்ரஸரின் தலையை மட்டும் லேசாகத் தொட்டுப் பார். ஒயர் பக்கம் கை போகவேண்டாம். அதிர்வு தெரிந்தால் அது ஓடுகிறது. அரை மணி நேரம் கழித்து ஃப்ரிட்ஜின் இரண்டு பக்கச் சுவர்களையும் தொட்டுப் பார். உன் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கம்பி வலை இல்லை என்றாய், அப்படியென்றால் சூட்டை வெளியே தள்ளுகிற குழாய் பக்கச் சுவருக்குள் ஓடுகிறது. குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கும்போது நெற்றி இருக்குமே, அந்த அளவு சூடு தெரிந்தால் கேஸ் சுற்றுகிறது, பயப்பட ஒன்றுமில்லை. அப்படியே விட்டுவிடு. முழுக்கக் குளிர ஒரு நாள்கூட ஆகலாம், அதுவரை உள்ளே எதையும் அடுக்காதே.

கம்ப்ரஸர் கிளம்பவே இல்லை என்றால் அரை மணி நேரம் பொறு. பழைய டபுள் டோரில் ஐஸை உருக்குவதற்கு ஒரு டைமர் இருக்கும். அது உருக்குகிற முறையில் நின்றிருந்தால் அந்த நேரம் முடியும்வரை கம்ப்ரஸர் ஓடாது. அப்படி இல்லாமல் சில நொடி உறுமிவிட்டு 'டக்' என்று நின்று, சில நிமிடம் கழித்து மறுபடியும் உறுமி 'டக்' என்று நின்றால் உடனே அணைத்துவிடு. வோல்டேஜ் குறைவாக இருக்கலாம், இல்லையென்றால் ரிலே போயிருக்கலாம். கம்ப்ரஸர் பக்கத்தில் சொருகியிருக்கிற சின்னச் சாமான் அது. வண்டி குலுங்கியதில் தளர்ந்தும் இருக்கலாம். மெக்கானிக்குக் கால் மணி நேர வேலை. நீயோ மாப்பிள்ளையோ கழற்றவேண்டாம். அணைத்தால் ஐந்து நிமிடமாவது விட்டுத்தான் திரும்பப் போடவேண்டும், உள்ளே அழுத்தம் சமமாகாமல் கம்ப்ரஸரால் கிளம்ப முடியாது.

கம்ப்ரஸர் நிற்காமல் ஓடியும், ஒரு மணி நேரம் கழித்தும் பக்கச் சுவர் பச்சைத்தண்ணீர் மாதிரி இருந்தாலும் மெக்கானிக்கைக் கூப்பிடவேண்டும். இந்தக் கடிதத்தை நான் எழுதுவதே இந்த இடத்துக்காகத்தான்.

வருகிறவர் தொட்டுப் பார்த்துவிட்டு "கேஸ் போயிடுச்சும்மா, ஏத்தணும்" என்பார். நானும் அப்படிச் சொன்னவன்தான் பாப்பா. நீ அப்போது இரண்டாவது படித்துக்கொண்டிருந்தாய். செல்லூரில் ஒரு அம்மா தனியாளாக இட்லிக் கடை நடத்திக்கொண்டிருந்தார். மகள் வீட்டிலிருந்து ஒரு பழைய ஃப்ரிட்ஜைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தார், குளிரவில்லை. எனக்கு அன்றைக்கு இன்னும் மூன்று இடத்தில் வேலை. ஒரு கேள்வியும் கேட்காமல் கேஸ் ஏற்றுகிற குழாயை வெட்டினேன். புஸ்ஸென்று வேகமாக கேஸ் வந்தது. கசிந்து போயிருந்தால் அவ்வளவு வேகம் வராது. கேஸ் குறையாமல் இருந்திருக்கிறது, எண்ணெய் அடைப்புதான். ஒரு ராத்திரி நிறுத்தி வைத்திருந்தால் தானாகச் சரியாகியிருக்கும் என்று வெட்டின அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. வெட்டிவிட்டதால் திரும்ப ஏற்றினேன், காசையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் காசைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா, "இன்னும் ஏதாச்சும் பாக்கியா தம்பி?" என்று சேலைத் தலைப்பில் முடிந்திருந்த முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். அந்த முடிச்சும் விரலும் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அதற்குப் பிறகு வண்டியில் வந்த ஃப்ரிட்ஜ் எதையும் ஒரு நாள் நிற்கவைக்காமல் நான் வெட்டினதே இல்லை.

அதனால் வருகிறவரிடம் மரியாதையாகவே கேள்: "அண்ணே, கேஸ் எங்க போச்சு?" சுற்றி மூடின குழாயில் கேஸ் தானாகத் தீர்ந்துபோகாது, எங்கேயோ ஓட்டை இருந்தால்தான் போகும். ஓட்டை இருக்கிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். ஃப்ரீசரின் உள்பக்க மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல். உள்ளே இருக்கிற குழாய்ச் சுருள் முழுக்க ஒரே சீராக வெள்ளை பூத்திருந்தால் கேஸ் சரியாக இருக்கிறது. முதல் இரண்டு வரிசையில் மட்டும் பூத்து மற்றது வெறுமையாக இருந்தால் கேஸ் குறைவு, இல்லையென்றால் பாதி அடைப்பு. சுருளே தெரியாமல் ஐஸ் மூடியிருந்தால் கேஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஐஸை உருக்குகிற ஹீட்டர் பக்கம் கோளாறு.

உண்மையிலேயே கேஸ் ஏற்றவேண்டி வந்தால், வருகிறவர் கையில் குழாய்க்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுக்கிற வாக்குவம் பம்ப்பும் சின்னத் தராசும் இருக்கிறதா பார். ஓட்டையை அடைத்து, ஃபில்டரைப் புதிதாக மாற்றி, அரை மணி நேரமாவது வாக்குவம் போட்டு, அப்புறம்தான் கேஸை எடைபோட்டு ஏற்றவேண்டும். எத்தனை கிராம் என்பது ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிற தகட்டிலேயே இருக்கும். வெறும் கேஸ் டப்பாவோடு வந்தால், "அப்பாவைக் கேட்டுச் சொல்றேன்" என்று அனுப்பிவிடு. அந்தத் தகட்டில் கேஸின் பெயர் ஆர் 600ஏ என்று போட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துச் சொல். நான் தொழில் கற்றபோது எல்லாம் ஆர் 12தான், ஓசோனைக் கெடுக்கிறது என்று அதை நிறுத்திவிட்டார்கள். இந்த 600ஏ ஓசோனுக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் சமையல் கேஸுக்குச் சொந்தக்காரன், தீப்பற்றும். ஜன்னல் எல்லாம் திறந்திருக்கவேண்டும், அடுப்பு எரியக்கூடாது, உள்ளே கேஸ் இருக்கும்போது யாரும் நெருப்பை வைத்துக் குழாயைப் பற்றவைக்கக்கூடாது. அந்த நேரம் குழந்தையோடு நீ கீழ்வீட்டுக்குப் போய்விடு.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. தாம்பரம் பக்கமெல்லாம் 2015லும் 2023லும் வெள்ளம் வந்த இடங்கள். டார்ச் அடித்து கம்ப்ரஸர் உட்கார்ந்திருக்கிற தகட்டைப் பார். சேறு காய்ந்த கோடோ, ஒரே மட்டத்தில் துருவோ தெரிந்தால் போட்டோ எடுத்து அனுப்பு, அதைப் பார்க்கும்வரை பிளக்கைச் சொருகாதே. அப்புறம், ஃப்ரீசரில் எப்போது ஐஸ் ஒட்டினாலும் கத்தியால் குத்தாதே. நல்ல ஃப்ரிட்ஜ்கள் எத்தனையோ அப்படித்தான் ஓட்டையாகி என்னிடம் வந்திருக்கின்றன.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி இன்னும் பதினைந்து நாள் ஆகவில்லை, சொட்டு மருந்து நான்தான் விடவேண்டியிருக்கிறது. இல்லையென்றால் இந்நேரம் ரயில் ஏறியிருப்பேன். நான் வைத்திருந்த தெர்மாமீட்டரை இன்றைக்கு ராத்திரி பஸ்ஸில் பார்சல் போடுகிறேன், பருப்புப்பொடியும் அதிலேயே இருக்கும். காலையில் கிளாம்பாக்கத்தில் மாப்பிள்ளையை வாங்கிக்கொள்ளச் சொல். பக்கச் சுவர் சூடாகி ஓட ஆரம்பித்துவிட்டால், ஒரு டம்ளர் தண்ணீரில் அதைப் போட்டு நடுத்தட்டில் வை. ராத்திரி கதவைத் திறக்கவேண்டாம். காலையில் எடுத்தவுடன் என்ன காட்டுகிறது என்று எனக்குச் சொல். 4 டிகிரி, 5 டிகிரி என்று நீ சொன்னால் அம்மாவிடம் சொல்லிவிடுவேன், உன்னைவிட அவள்தான் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறாள். 10க்கு மேல் இருந்தால் ஒன்றும் செய்யாதே, யாரையும் கூப்பிடாதே. எனக்கு வீடியோ காலில் ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தைக் காட்டு.

அப்பா
மதுரை