சாமான் இல்லையா, இலக்கம் தெரியாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் காலபோக நெல் பால் பிடித்துக்கொண்டிருக்கிறது. தை பிறந்தால் அருவி வெட்டு, அதாவது நெல் அறுவடை. வெளி மாவட்டத்து அறுவடை மெசின்கள் எப்போது வரும், ஏக்கருக்கு என்ன கூலி கேட்பார்கள் என்பதுதான் இப்போது தேநீர்க்கடைப் பேச்சு. எங்கள் ஊர்களிலேயே பழைய அறுவடை மெசின்கள் தகரக் கொட்டிலுக்குள்ளும் மாமரத்துக்குக் கீழும் நிற்கின்றன. ஏன் ஓடவில்லை என்று கேட்டால் சொந்தக்காரர் எல்லோரும் உதிரிப்பாகத்தைக் காட்டிச் சொல்வது ஒன்றுதான்: "சாமான் இல்லை."

பாவித்த குபோட்டா டி.சி.70 அறுவடை மெசின் ஒன்றை வாங்கிச் சில வருடமாக ஓட்டுகிறேன். சாமான் இல்லை என்பதில் பாதிதான் உண்மை என்பது என் அனுபவம். மீதிப் பாதி, எங்களுக்குச் சாமானின் இலக்கம் தெரியாது.

மூன்று வருடத்துக்கு முன் வெட்டு நடுவில் ஒரு பெயாரிங் இறுகிப்போனது. 40 பரப்பு நெல் விளைந்து நின்றது; வானமும் கறுத்துக்கொண்டு வந்தது. நகரத்தில் ஒரு கடையில், "இந்த மொடலுக்கு இங்கே வராது, கொழும்புக்குச் சொல்லி எடுக்க மூன்று கிழமை" என்றார்கள். வீட்டுக்கு வந்து பழைய பெயாரிங்கை மண்ணெண்ணெயில் கழுவினேன். வெளி வளையத்தில் 6205 என்று பொறித்திருந்தது. 6205 என்றால் எந்த நாட்டில், எந்தக் கம்பனி செய்தாலும் உள்விட்டம் 25 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 52, தடிப்பு 15. அரை மணித்தியாலத்தில் சந்தியிலுள்ள மோட்டார்க் கடையிலேயே வாங்கிவிட்டேன். இரண்டு பக்கமும் இறப்பர் மூடியுள்ளதாகக் கேட்டு வாங்கினேன். நெல்லுத் தூசிக்கு மூடி இல்லாதது ஒரு போகமும் தாங்காது. ஒயில் கசியாமல் தடுக்கும் ஒயில் சீலும் இப்படித்தான், அதன் முகத்திலேயே மூன்று அளவும் இருக்கும். மெசினில் சில்லுக்குப் பதிலாக ஓடும் இறப்பர் பட்டியான ட்ராக்கின் உள்பக்கத்தில் 500×90×51 என்பதுபோல ஓர் இலக்கம் இருக்கும்: அகலம், கண்ணிக்குக் கண்ணி இடைவெளி, கண்ணிகளின் எண்ணிக்கை. அது அழிந்து போவதற்கு முன் எழுதி வைக்காதவர் பிறகு நூல் பிடித்து அளந்துகொண்டு நிற்பார்.

எல்லாவற்றையும் இப்படிச் சந்திக் கடையில் சமாளிக்கலாம் என்று நினைத்தும் நான் காசைத் தொலைத்திருக்கிறேன். சூடடிக்கும் உருளையை ஓட்டும் பெல்ட்டுக்கு அதே நீளத்தில் ஆலைக்குப் போடும் சாதாரண பெல்ட்டைப் போட்டேன். இரண்டாம் நாள் பின்னேரம் நார் நாராகக் கிழிந்தது. அறுவடை மெசினுக்கென்று உள்நூல் பலப்படுத்திய பெல்ட் தனியாக வருகிறது, அதைத்தான் போட வேண்டும். வெட்டுக் கத்தியும் அப்படியே. தகட்டை வெட்டிச் செய்யும் உள்ளூர்க் கத்தி மத்தியானத்துக்குள் மழுங்கிவிடும், பிறகு நெல்லை அறுக்காமல் பிடுங்கும். மெசினை ஓட்டுகிற ஹைட்ரோலிக் பகுதிக்குக் கையில் கிடைத்த ஒயிலை ஊற்றினவர்களின் கதை இன்னும் சோகம். அதை இங்கே எழுதவில்லை.

புஷ், பின், தேய்ந்த சாஃப்ட் என்றால் எங்கள் லேத் பட்டறைகளுக்குக் கொழும்பே வேண்டாம். 1950களில் வந்து இறங்கிய ஒஸ்ரின் ஏ40 காரை இன்றைக்கும் வீதியில் ஓட வைத்திருக்கிற ஊர் இது. போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய ஊர். சூடடிக்கும் உருளையின் பற்கள் ஒரு பக்கம் தேய்ந்தால் கழற்றித் திருப்பிப் போடலாம் என்பதைக் கொடிகாமப் பக்கத்து மெக்கானிக் ஒருவர்தான் எனக்குக் காட்டினார். புதுப் பல் போடுவதென்றால் எதிரெதிரே சோடியாகப் போட வேண்டும். இல்லாவிட்டால் உருளை ஆடும், அடுத்தது அதன் பெயாரிங்தான் போகும்.

அருவி வெட்டு முடிந்த பிறகுதான் மெசின் கெடுகிறது. சேறும் வைக்கலும் ஒட்டியபடியே நிறுத்தினால் எலி வந்து வயரைக் கடிக்கிறது. கடல்நீரேரி ஓரத்து வயல்களில் வெட்டியவர்கள் நல்ல தண்ணீரால் கழுவாவிட்டால் உப்பு செயினைத் தின்கிறது. ட்ராக்கை வெயிலில் விடாமல் பலகை மேல் ஏற்றி, பெல்ட்டுகளைத் தளர்த்தி, டீசல் தாங்கியை நிரப்பி, பற்றரியைக் கழற்றி வைக்க ஒரு நாள் போதும். ட்ராக்கோடு தார் வீதியில் ஓட்டி வருகிறவர்களுக்கு என்ன சொல்வது! லொறிக் கூலியை மிச்சம் பிடித்து ட்ராக்கைக் கரைக்கிறார்கள்.

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 அளவுக்கு ஏறியபோது சாமான் விலையும் கூடவே ஏறியது. தனியொருவர் ஒரு பெல்ட்டுக்காகக் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தால் கட்டாது. ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் அந்தப் பிரிவிலுள்ள மெசின்களின் மொடலும் சாமான் இலக்கங்களும் எழுதிய ஒரு கொப்பி இருக்கட்டும். கமக்காரர் அமைப்புகள் புரட்டாதியிலேயே பெல்ட், கத்தி, பெயாரிங் என்று சேர்த்து வாங்கி வைக்கலாம். தையில் எல்லோரும் ஒரே கடை வாசலில் நிற்கும்போது விலை பேச முடியாது. அளவெடுக்கவும் பதியவும் கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும் இலங்கை–ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஊர் மெசின் ஊர் வயலில் ஓடினால், வேற்று வயல்களின் களை விதை ட்ராக்கில் ஒட்டிக்கொண்டு வருவதும் குறையும். பார்த்தீனியக் களையோடு நாங்கள் படும் பாடு போதாதா?

என் கொப்பியில் எழுதிய இலக்கங்களைப் பிரதி எடுத்து எங்கள் கமநல சேவை நிலையத்தில் கொடுத்திருக்கிறேன். வேறு மொடல் வைத்திருப்பவர்கள் தங்களுடையதைச் சேர்க்கலாம். எனக்கும் ஒன்று தேவை: டி.சி.70இன் ட்ராக்கை இழுக்கும் பற்சில்லு, வலப்பக்கம். கழற்றி வைத்த பழையது யாரிடமாவது இருந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள். தைப்பொங்கலுக்கு முன் கிடைத்தால் நல்லது.

இப்படிக்கு,
மெசின் வைத்திருக்கும் கமக்காரன்,
மிருசுவில்