எருக்கலை வண்ணத்துப்பூச்சிகளின் பாகுபாடு குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் அண்மையில் வெளியான வண்ணத்துப்பூச்சிகள் பற்றிய கட்டுரையை விருப்பத்துடன் வாசித்தேன். நம் வேலிகளிலும் பற்றைகளிலும் பறந்து திரியும் பூச்சிகளைப் பற்றித் தமிழில் எழுதுவோர் மிகச் சிலரே. அந்த முயற்சிக்காகக் கட்டுரையாளருக்கு நன்றி. ஆயினும் அதில் இரு விடயங்கள் திருத்தப்பட வேண்டும். எருக்கலை வண்ணத்துப்பூச்சிகள் எனப்படும் கூட்டத்தைச் சேர்ந்த வெந்தய வரியன், நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் ஆகிய மூன்றும் டானெய்டே என்னும் தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று எழுதப்பட்டிருப்பது ஒன்று; அந்தக் கூட்டம் இன்று நிம்ஃபாலிடே குடும்பத்துக்குள் டானைனே என்ற உபகுடும்பமாகவே வைக்கப்படுகிறது. வெந்தய வரியன் என்ற குறிப்புடன் அச்சாகியிருக்கும் படம் வேறோர் இனத்தினுடையதாக இருப்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் சற்று விரிவாக எழுத இடம்தர வேண்டுகிறேன்.

படத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வெந்தய வரியனின் பின்னிறக்கை நடுவில், நரம்புகளை ஒட்டி, மூன்று கரும்புள்ளிகள் இருக்கும். ஆணுக்கு நான்காவதாக ஒன்று உண்டு. வெள்ளை நடுவும் தடித்த கறுப்பு விளிம்புமாகச் சற்றுப் புடைத்திருக்கும் அது ஒரு மணப்பை. தாங்கள் வெளியிட்ட படத்தில் பின்னிறக்கையின் மேல் ஓரத்தில் ஒரேயொரு கரும்புள்ளிதான் உள்ளது. நடுப்பகுதி வெறுமையாக இருக்கிறது. அது ஹைப்போலிம்னாஸ் மிசிப்பஸ் என்ற இனத்தின் பெண். அதன் ஆணோ கரிய இறக்கைகளில் ஊதா விளிம்பிட்ட வெள்ளைத் திட்டுகளைக் கொண்டது. இரண்டையும் அருகருகே வைத்தால் ஓரினம் என்று எவரும் நம்பமாட்டார். அந்தப் பெண் நஞ்சற்றது. அதன் குடம்பி (புழு) பருப்புக்கீரையைத் தின்று வளர்கிறது. வெந்தய வரியனின் குடம்பியோ எருக்கலை இலையைத் தின்று, அதன் பாலிலுள்ள நச்சுப்பொருளின் ஒரு பகுதியைத் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. ஒருமுறை அதைக் கொத்திக் கசப்பறிந்த பறவை மறுமுறை அதே நிறத்தைக் கண்டால் விலகிப்போகும். அந்த அச்சத்தின் நிழலில்தான் மிசிப்பஸ் பெண் பிழைக்கிறது. பறவையையே ஏமாற்றும் இந்த ஒப்பனை ஒரு படத் தெரிவாளரையும் ஏமாற்றியதில் வியப்பில்லை. இதே ஒப்பனை பாகுபாட்டியலாளர்களையும் நெடுங்காலம் திசைதிருப்பியிருக்கிறது.

1758 இல் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ், உயிரினங்களை வகைப்படுத்திய தமது 'சிஸ்டமா நேச்சுரே' நூலின் பத்தாம் பதிப்பில் வண்ணத்துப்பூச்சிகள் அனைத்தையும் பப்பிலியோ என்ற ஒரே சாதியில் (அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதியில்) அடக்கி, அதனைச் சில பிரிவுகளாக வகுத்தார். அவற்றுள் டானாய் என்ற பிரிவில் நமது வெந்தய வரியனோடு, இன்று முற்றிலும் வேறான குடும்பத்தில் வைக்கப்படும் வெள்ளை வண்ணத்துப்பூச்சிகளும் இருந்தன. பின்வந்தோர் இந்தப் பிரிவுகளைக் குடும்பங்களாக உயர்த்தினர். டானெய்டே அவ்வாறு உருவானதே. பிரித்தானியர் காலத்து நூல்கள் வழியாக அந்தப் பெயர் நமது பாடக்குறிப்புகளிலும் நிலைத்துவிட்டது.

அமேசன் காடுகளில் பதினொரு ஆண்டுகள் பூச்சிகளைத் திரட்டிய ஹென்றி வால்டர் பேட்ஸ், 1862 இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு முக்கியமான விடயத்தைக் கண்டு சொன்னார். ஹெலிக்கோனிடே என்று அதுவரை ஒன்றாக எண்ணப்பட்ட நீண்ட இறக்கைப் பூச்சிகளுள் உண்மையில் இரு கூட்டங்கள் உள்ளன, அவற்றுள் ஒன்று டானாய் வகையோடு உறவுடையது, மற்றையது அக்ரேயா என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சி வகையோடு உறவுடையது என்பதே அது. நிறமும் கோடும் ஒன்றாயிருந்தும் உடலமைப்பு வேறுபட்டதை அவர் கவனித்தார். அவர் பிரித்துக் காட்டிய முதற் கூட்டமே இன்று இத்தோமியினி என்ற பெயரில் ஏறத்தாழ 390 இனங்களுடன் டானைனே உபகுடும்பத்துக்குள் இருக்கிறது. இரண்டாவது கூட்டம் ஹெலிக்கோனியினே உபகுடும்பத்தில் இருக்கிறது. தமிழ்நாடு 2019 இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவனும் அந்த உபகுடும்பத்ததே.

அப்படியானால் டானைனே ஏன் குடும்பமாக நிற்கவில்லை? விடை கால்களில் தொடங்குகிறது. அலரிப் பூவிலோ மதில் மேலோ அமர்ந்திருக்கும் வெண்புள்ளிக் கருப்பனை அருகில் சென்று பார்த்தால் அது நான்கு கால்களில் நிற்பது தெரியும். முன்கால்கள் இரண்டும் குறுகி மார்போடு ஒடுங்கியிருக்கும்; நடக்க உதவா. இந்த இயல்பும், உணர்கொம்பின் அடிப்புறத்தில் ஓடும் மூன்று வரம்புகளும், நிம்ஃபாலிடே என்ற பெருங்குடும்பத்துக்கு அடையாளமாகக் கொள்ளப்படுபவை. 1958 இல் போல் ஏர்லிக் வண்ணத்துப்பூச்சிகளின் உடலமைப்பை ஒப்பிட்டு எழுதிய ஆய்வில் டானைனேயை நிம்ஃபாலிடேயின் உபகுடும்பமாக வைத்தார். 1984 இல் அக்கரியும் வேன்-றைட்டும் இக்கூட்டத்துக்கெனத் தனிநூலே எழுதி அதன் சாதிகளின் உறவை ஒழுங்குபடுத்தினர். 2009 இல் வால்பேர்க்கும் அவருடைய குழுவினரும் ஏறத்தாழ 400 சாதிகளிலிருந்து 10 மரபணுப் பகுதிகளை ஒப்பிட்டபோது, டானைனே நிம்ஃபாலிடே என்னும் மரத்தின் மிகத் தொன்மையான கிளைகளுள் ஒன்று என்பது வலுப்பட்டது. இன்றைய பாகுபாட்டில் அந்தக் குடும்பத்தில் பன்னிரண்டு உபகுடும்பங்கள் உள்ளன. டானைனேக்குள் டானைனி, டெல்லர்வினி, இத்தோமியினி என மூன்று குலங்கள் உள்ளன. இலங்கையில் இருப்பவை யாவும் டானைனி குலத்தவை. நமது தீவுக்கே உரிய இரண்டும் இவற்றுள் அடங்கும்: ஐடியா ஐயசோனியா, பெரும்பாலும் மலைநாட்டில் காணப்படும் பரன்டிக்கா தப்ரோபானா.

ஒரு கூட்டத்தைக் குடும்பம் என்பதா உபகுடும்பம் என்பதா என்பது ஓரளவுக்கு அறிஞர்களின் உடன்பாடு சார்ந்ததே என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எது எதற்கு உறவு என்பது உடன்பாட்டால் வருவதன்று. இப்போது மிசிப்பஸும் வெந்தய வரியனும் ஒரே குடும்பத்தில் வந்துவிட்டனவே, பிறகு படம் மாறினால் என்ன என்று ஒரு மாணவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். மிசிப்பஸின் நெருங்கிய உறவினர் நம் முற்றங்களில் வெயில் காயும் மயில் வசீகரனும் அதன் கூட்டத்தாரும். வெந்தய வரியனுக்கோ, தோற்றத்தில் சற்றும் ஒவ்வாத வெண்புள்ளிக் கருப்பன்தான் நெருக்கம்.

அந்த நெருக்கத்தை எருக்கலையிலும் அலரியிலும் எவரும் பார்த்துக்கொள்ளலாம். வெந்தய வரியனின் குடம்பி வெள்ளை, மஞ்சள், கறுப்பு வளையங்கள் கொண்டது. அதன் முதுகில் மூன்று சோடி மென்மையான கரிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். வெண்புள்ளிக் கருப்பனின் குடம்பிக்கு அதே இழைகள் நான்கு சோடி. குறிஞ்சாவின் இனத்துக் கொடிகளை உண்ணும் நீல வரியனுக்கு இரண்டு சோடி. எண்ணிக்கை மாறினாலும் இழை மாறவில்லை. மிசிப்பஸின் குடம்பியோ உடல் முழுதும் கிளைவிட்ட முட்களுடையது. இன்னொரு சான்று: தேட்கொடுக்கும் கிலுகிலுப்பையும் வாடிக் காயும்போது இக்கூட்டத்தின் ஆண்கள் அவற்றில் மொய்த்து, ஒருவகைக் காரப்பொருளை (அல்கலாய்டை) உறிஞ்சிக்கொள்கின்றன, பெண்ணைக் கவரும் மணத்தை அதிலிருந்தே ஆக்குகின்றன. நமது வரியன்கள் அந்த மணத்தை வயிற்று நுனியிலுள்ள மயிர்த்தூரிகையால் பரப்ப, அமேசனின் இத்தோமியினி ஆண்கள் பின்னிறக்கை ஓரத்து மயிர்களால் பரப்புகின்றன. கடல்களுக்கு அப்பாலுள்ள இவ்விரு கூட்டங்களிடமும் ஒரே பழக்கம் இருப்பதை, நிறத்தை மட்டும் பார்த்து எவராலும் ஊகித்திருக்க முடியாது.

பழைய நூல்களைப் பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பு. பிரித்தானிய இந்தியாவின் வண்ணத்துப்பூச்சிகள் பற்றிப் பிங்கம் 1905 இல் எழுதிய தொகுதியில் நமது நாட்டின் வரிகொண்ட செம்மஞ்சள் இனம் பிளெக்சிப்பஸ் என்று காணப்படும். அந்தப் பெயர் இன்று அமெரிக்காவின் மொனாக் வண்ணத்துப்பூச்சிக்கு உரியது; நமதற்கு டானஸ் ஜெனூஷியா என்பதே சரி. இதை அறியாமல் பெயரை அப்படியே எடுத்தெழுதினால், வலசைபோகும் அமெரிக்கப் பூச்சியொன்று யாழ்ப்பாணத்தில் வாழ்வதாகப் பிள்ளைகள் எண்ண நேரும்.

ஆகவே, அடுத்த மாணவர் பக்கத்தில் படத்துக்குரிய திருத்தத்தை, முடிந்தால் இரு இனங்களின் பின்னிறக்கைகளையும் பக்கத்துப் பக்கமாக வைத்து, வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பாகுபாட்டைக் குறிப்பிடும்போது குடும்பம் நிம்ஃபாலிடே, உபகுடும்பம் டானைனே, குலம் டானைனி, சாதி டானஸ், இனம் கிரிசிப்பஸ் என்று முழுமையாக எழுதினால் போதும். உயர்தர வகுப்பில் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர்களும் கண்காட்சிகளுக்குப் பெயரட்டை எழுதும் மாணவர்களும் இதையே பின்பற்றலாம். டானெய்டே என்பதைப் பழைய பெயர் என்ற குறிப்புடன் வைத்துக்கொள்வதில் தவறில்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
வடமராட்சி.