கொட்டாஞ்சேனைக்கு மாறி வரும் நண்பனுக்கு

கொழும்பு 13
மார்கழி

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. தை மாதத்தில் ஹட்டனை விட்டு இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வருகிறாய் என்றதும் சந்தோஷப்பட்டேன். வருமுன்பே ஒழுக்கப் பொறுப்பையும் உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று வாசித்ததும் கொஞ்சம் கவலையும் வந்தது. ஜிந்துப்பிட்டிப் பக்கம் இரண்டு அறை பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் வெளிச்சம் போதாது, மற்றதில் தண்ணீர் காலையில் மட்டும்தான் வரும். நீயே வந்து பார்த்துச் சொல்.

பாதாளக் கோஷ்டியோடு தொடுப்பு வைத்திருக்கிற பையனை எப்படிக் கண்டுபிடிப்பது, பச்சை குத்தியிருப்பதையும் தலைமுடி வெட்டையும் கைக் காப்பையும் பார்த்தால் போதுமா என்று கேட்டிருந்தாய். போதாது மச்சான். அதை நம்பினால் உன் வகுப்பில் பாதிப் பேரைச் சந்தேகப்பட வேண்டி வரும், உண்மையில் மாட்டிக்கொண்டவன் உன் கண்ணில் படாமல் போவான். கோஷ்டிக்காகப் போதைப்பொருள் பொதி சுமக்கிற பையனை, சோதனைச் சாவடியில் யாரும் மறிக்காத தோற்றத்தில்தான் அவர்கள் வைத்திருப்பார்கள். வெள்ளைச் சீருடை, புத்தகப் பை, ஒழுங்காக வாரிய தலை. 2025 பெப்ரவரி 19 அன்று புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே பாதாளக் கோஷ்டிக்காரர் கணேமுல்ல சஞ்சீவ சுடப்பட்டார் அல்லவா? சுட்டவர் சட்டத்தரணி உடையில் வந்தார், துப்பாக்கி குடைந்த புத்தகத்துக்குள் வந்தது. தோற்றத்தை மறைப்பாகப் பயன்படுத்துகிறவர்களைத் தோற்றத்தை வைத்துத் தேடிப் பயனில்லை. பங்குனியில் பள்ளிக்கூடங்களுக்கிடையிலான கிரிக்கெட், அதாவது பிக் மேட்ச் காலம் வரும்போதும் குழம்பிவிடாதே. கூட்டமாகச் சுற்றுவது, வீட்டுக்குப் பிந்தி வருவது, தொப்பி நீட்டிக் காசு கேட்பது எல்லாம் அந்த இரண்டு மூன்று கிழமையோடு அடங்கிவிடும்.

என்னைக் கேட்டால், பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பையன் யாருக்காவது கடன்பட்டிருக்கிறானா?

இது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். முதலில் கொடுப்பார்கள். போனுக்கு ரீலோட், இரவில் கொத்து, பிறந்தநாளுக்குச் சப்பாத்து, மோட்டார் சைக்கிளில் ஒரு சுற்று. கொடுப்பவன் அதே தொடர்மாடியில் இரண்டு மாடி மேலே இருக்கிற அண்ணனாக இருப்பான், முன்பின் தெரியாத ஆளாக இருக்க மாட்டான். பிறகு சின்ன வேலை. "தம்பி, இதை அந்தக் கடையில குடுத்திட்டு வா." "சந்தியில பொலிஸ் ஜீப் நிக்குதா எண்டு பாத்துச் சொல்லு." அதற்கும் கை நிறையக் காசு. மூன்றாவது கட்டத்தில் ஒரு பொதி காணாமல் போகும், அல்லது யாரோ பறித்துக்கொண்டு ஓடுவார்கள். அதன் விலை முழுவதும் பையன் தலையில் விழும். பிள்ளைகளை வைத்து ஊருக்கு ஊர் தூள் அனுப்புகிற இங்கிலாந்துக் கோஷ்டிகள் தங்கள் ஆளையே விட்டுப் பறிக்க வைத்துக் கடன் ஏற்றுவது அங்கே பல வழக்குகளில் வெளிவந்திருக்கிறது. அதற்குப் பிறகு காசு கிடைக்காது, வேலை மட்டும்தான். பெற்றோர் விழித்துக்கொள்வதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். நீ முதலாம், இரண்டாம் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

பார்ப்பதற்கு எளிய வழி, பொருள் எந்தத் திசையில் போகிறது என்று கவனிப்பது. வெறுமனே குடு (ஹெரோயின்) அல்லது ஐஸ் (மெதம்பெட்டமைன்) பாவிக்கிற பையன் வீட்டிலிருந்து பொருள் போய்க்கொண்டே இருக்கும். அயன் பெட்டி, காஸ் சிலிண்டர், அம்மாவின் தோடு. பொதி சுமக்கிறவன் வீட்டில் முதலில் பொருள் வரும், சில மாதம் கழித்துப் போகத் தொடங்கும். வந்த சப்பாத்தும் போனுமே திரும்பிப் போகும். இந்த வரிசையை அம்மாமாரிடம் பக்குவமாகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள், ஏனென்றால் எது எப்போது வந்தது, எப்போது காணாமல் போனது என்பது அவர்களுக்கு நாள் நட்சத்திரத்தோடு ஞாபகம் இருக்கும்.

டியூஷன் கார்டைக் கேட்டு வாங்கிப் பார். மாதாமாதம் கட்டணம் கட்டியதற்கு அதில் முத்திரையோ கையெழுத்தோ இருக்கும். வீட்டில் காசு வாங்கியிருப்பான், கார்டில் இரண்டு மாதம் வெறுமையாக இருக்கும். இதைவிடச் சுத்தமான சாட்சி உனக்குக் கிடைக்காது. வகுப்பு இடாப்பையும் பார். ஒரு நாள் முழுக்க வராதவனைவிட, குறிப்பிட்ட கிழமையில் கடைசி இரண்டு பாடத்துக்கு மட்டும் இல்லாமல் போகிறவன் முக்கியம். சும்மா சுற்றுகிற பையனுக்கு நேரம் தெரியாது. வேலைக்குப் போகிறவன் நேரம் பார்த்துத்தான் போவான். இரவு ஒன்பதுக்குப் "பத்து நிமிஷத்தில வாறன்" என்று இறங்கி, உண்மையிலேயே பத்து நிமிஷத்தில் திரும்பி வருகிற பையனைப் பற்றி வீட்டில் யாரும் முறைப்பாடு சொல்ல மாட்டார்கள். நீ கேட்க வேண்டியது அவனைப் பற்றித்தான்.

போனில் என்ன இருக்கிறது என்பதைவிட, அது அடிக்கும்போது அவன் என்ன செய்கிறான் என்று பார். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடுகிறானா? எடுக்கப் பிந்தினால் முகம் வெளுக்கிறதா? இப்போது கொழும்பில் தூள் கைக்குக் கை மாறுவது குறைவு. வாங்குகிறவன் போன் வழியாகக் காசு அனுப்பும் ஈஸி கேஷிலோ வங்கிக் கணக்கிலோ காசு போடுவான், பொதி ஒரு மதில் அடியிலோ கானோரத்துக் கல்லுக்குக் கீழோ வைக்கப்படும், அந்த இடத்தின் படம் அவனுக்குப் போகும். ஆகவே ஆளே இல்லாத படங்கள், ஒரு மின்கம்பம், ஒரு படிக்கட்டு, ஒரு கான் மூடி, ஒரு பையனின் போனில் திரும்பத் திரும்ப வந்து அழிந்தால் அது விளையாட்டல்ல.

அடையாள அட்டை இன்னொரு பொறி. 15 வயதானதும் சாதாரண தரப் பரீட்சைக்காகப் பள்ளிக்கூடமே விண்ணப்பித்து எடுத்துக் கொடுக்கிறது. அது கைக்கு வந்த கிழமையே "உன்ர பேரில ஒரு சிம் எடுத்துத் தா" என்பார்கள். பதினெட்டு ஆனதும் வங்கிக் கணக்கு. கணக்கு அவன் பெயரில், ஏரிஎம் கார்ட் வேறொருவன் கையில். அட்டை கொடுக்கிற அன்றைக்கே இதை வகுப்பில் வெளிப்படையாகச் சொல்லிவிடு. "உன் பெயரில் எடுத்த சிம்மில் யார் கப்பம் கேட்டாலும் பொலிஸ் முதலில் உன் வீட்டுக்குத்தான் வரும்" என்றால் பையன்களுக்கு விளங்கும்.

பாதை மாற்றமும் ஒரு குறிதான். புளூமெண்டலிலிருந்து மாளிகாவத்தைக்கு நேரே போகிற பையன் திடீரென்று இரண்டு பஸ் மாறிச் சுற்றிப் போனால், ஏதோ ஒரு சந்தியில் அவனுக்குப் பயம் இருக்கிறது.

உடம்பில் தெரிவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐஸ் என்றால் இரண்டு இரவு தூங்காமல் இருந்துவிட்டு ஒரு பகல் முழுக்க அடித்துப் போட்டாற்போலத் தூங்குவான், தாடை இறுகும், மெலிவான், கண்மணி விரியும். குடு என்றால் கண்மணி ஊசி முனையாகச் சுருங்கும், உட்கார்ந்தபடியே தலை சாயும், கிடைக்காத நாளில் மூக்கு ஒழுகிக் கொட்டாவி விடுவான். ஆனால் சுமக்கிறவன் பாவிக்கிறவனாக இருக்க வேண்டியதில்லை. இதில்தான் நிறையப் பேர் பிழை விடுகிறார்கள். பாவனையே இல்லாத பையனைப் பயத்தில் கொண்டுபோய்ப் புனர்வாழ்வு நிலையத்தில் சேர்க்கிறார்கள், அங்கே தன்னைவிடப் பத்து வயது மூத்தவர்களோடு அறிமுகமாகி வெளியே வருகிறான். சிகிச்சை உண்மையிலேயே தேவைப்பட்டால் முதலில் 1927க்கு எடு, அது அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம். தனியார் நிலையம் என்றால் 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதிப் பத்திரம் இருக்கிறதா என்று கேள்.

ஒரு குறியை வைத்து முடிவெடுக்காதே. மூன்று கிழமை குறித்து வை. திகதி, நேரம், கண்ணால் கண்டது, அவ்வளவுதான். "சந்தேகமாக நடந்தான்" என்று எழுதாதே, "செவ்வாய் 12.50க்குப் பின்பக்கக் கேட் வழியாகப் போனான்" என்று எழுது. வீடு, வகுப்பு, டியூஷன் என்று மூன்று பக்கத்திலிருந்தும் ஒரே மாதத்தில் குறி வந்தால் பேசு.

பேசும்போது அப்பாவையும் மாமாவையும் சுற்றி உட்கார வைக்காதே. பக்கத்தில் பக்கத்தில் நடந்துகொண்டு பேசு, மைதானத்தைச் சுற்றியோ பஸ் நிலையம் வரையோ. "நீ யாரோடு திரிகிறாய்?" என்ற கேள்விக்கு அவன் பொய்தான் சொல்வான். "யாருக்காவது காசு குடுக்க இருக்கா?" என்று கேள். பிறகு "எவ்வளவு?" அதற்குப் பிறகு "குடுக்காட்டி என்ன செய்வம் எண்டு சொன்னாங்க?" மூன்றாவது கேள்விக்கு அவன் அழுதால் உனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அன்றைக்கு அதற்கு மேல் பெயர் கேட்காதே.

கடனைக் கட்டி மீட்டுவிடலாம் என்று வீட்டார் நகையை அடகு வைக்கப் புறப்படுவார்கள். தடுத்துப் பார். ஒரு தடவை கட்டிய வீடு இன்னொரு தடவையும் கட்டும் என்று கோஷ்டிக்குத் தெரிந்துவிடும், தொகை ஏறும். நீயும் தூது போகாதே. பையன் நம்பி ஒரு பொதியை உன் கையில் தந்தால் அதை மேசை லாச்சிக்குள் வைக்காதே மச்சான், உன்னை மிகவும் கேட்டுக்கொள்கிறேன். ஹெரோயின் 2 கிராமும் அதற்கு மேலும் என்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. 2022இல் வந்த திருத்தத்தால் ஐஸும் 5 கிராமிலிருந்து அதே கணக்கில் சேர்ந்துவிட்டது. சட்டம் முதலில் கேட்பது யார் கையில் இருந்தது என்பதைத்தான். அதிபரையும் இன்னொரு ஆசிரியரையும் அழைத்து, அந்த இடத்திலேயே வைத்து, நேரம் குறித்து அறிவி.

பொலிஸுக்குப் போவதா என்று கேட்பாய். போகலாம், வழி தெரிந்து போ. 1998ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவைத் திருத்தம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைத் தடைசெய்த பொருள் கடத்தப் பயன்படுத்துவதையே தனிக் குற்றமாக்கியிருக்கிறது. அதனால் முறைப்பாட்டின் முதல் வசனமே "இந்தப் பிள்ளையை ஒருவர் பயன்படுத்துகிறார்" என்று தொடங்க வேண்டும். முதலில் 1929, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை. அடுத்து ஸ்டேஷனில் சிறுவர், மகளிர் பணியகம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், வந்த முதல் மாதமே போய் முகம் காட்டிவிட்டு வா. அவசர நேரத்தில் அறிமுகமில்லாத ஆளைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.

பையனைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தும் யோசனை ஆசிரியர் கூட்டத்தில் கட்டாயம் வரும். எதிர்த்து நில். 16 வயது வரை கல்வி கட்டாயம், அது ஒரு பக்கம். நிறுத்திய பையனுக்குப் பகல் முழுவதும் ஓய்வு, அதைக் கோஷ்டி நிரப்பும். சாதாரண தரம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிற மாதங்களில் நடப்பதும் இதேதான். அந்த இடைவெளிக்கு நைட்டா தொழிற்பயிற்சியோ கராஜ் வேலையோ முன்கூட்டியே பார்த்து வைப்பது எந்தப் புத்திமதியையும்விட நல்லது.

ஊருக்கு அனுப்புவது சில வேளை சரிவரும். போன் கூடவே போனால் சரிவராது. பழைய வாட்ஸ்அப் குழு மலையேறியும் வரும். துபாய்க்கு அனுப்பிவிட்டால் தப்பிவிடுவான் என்று நினைக்கிற பெற்றோரிடம், பாதாளக் கோஷ்டித் தலைவன் மாகந்துரே மதுஷ் 2019இல் கைதானது எந்த நகரத்தில் என்று கேள்.

பெண் பிள்ளைகளையும் மறந்துவிடாதே. வயதில் கூடிய காதலன், கணக்கில்லாத பரிசுகள், "இந்தப் பையை உன் அறையில வை" என்ற ஒரு வேண்டுகோள். மாமன் மகன் என்று சொல்லிக்கொண்டு வாசலில் ஓட்டோவில் காத்து நிற்பவரை வீட்டாரிடம் விசாரி.

உன் தோட்டத்துப் பையன்கள் புறக்கோட்டைக் கடைகளுக்கு வேலைக்கு வருகிறார்களே, அவர்களுக்குச் சாப்பாடும் சம்பளமும் பேசுகிறவர்கள் இரவில் எங்கே படுப்பது என்று பேசுவதில்லை. கோஷ்டியின் பிடி விழுவது அந்த இடத்தில்தான். அங்கிருந்து கிளம்புமுன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா.

வரும்போது இரண்டு கொப்பி வாங்கி வா. குறிப்பு எழுதுகிற கொப்பியை ஆசிரியர் அறை அலுமாரியில் வைக்காதே. சாவி எங்கே தொங்குகிறது என்பது மொனிட்டர் பையன்களுக்குத் தெரியும். பெயர் எழுதாமல் முதல் எழுத்து மட்டும் போட்டு வீட்டுக்குக் கொண்டு போ.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி