பேட்டரிய மாத்தாண்டாம் மக்ளே

மக்ளே,

ஒர்க்‌ஷாப்காரன் காருக்கு மறுபடியும் புது பேட்டரி போடச் சொன்னான்னு நீ போன்ல சொன்னதும் எனக்கு கோவம் வந்திட்டு, ஓணத்துக்குத்தான ஒண்ணு மாத்துன. போன தடவ மார்த்தாண்டத்துக்கு வந்தப்பம் நான் பாத்தேன்லா, இஞ்சின் ஓடும்போ 14.2 வோல்ட், அப்பம் ஆல்டர்னேட்டர் (இஞ்சின் ஓடும்போ கரண்ட் உண்டாக்குற சாதனம்) பேட்டரிய சார்ஜ் பண்ணுது. சனிக்கெழம ஃபுல் சார்ஜ் போட்டு ராத்திரி மைனஸ் வயர கழட்டி விட்டேன், திங்க காலைலயும் 12.6 அப்படியே நின்னுது. வயர் இல்லாட்டி பேட்டரி நிக்குது, வயர் மாட்டினா இறங்குது, அப்பம் வண்டில எதுவோ குடிக்குது கேட்டியா.

உன் பேட்டரி 35 ஏ.எச். (ஆம்பியர்-அவர், பேட்டரில எவ்வளவு கரண்ட் கொள்ளும்ங்கற கணக்கு). 300 மில்லி ஆம்ப் குடிச்சாக்கூட ஒரு நாளைக்கு 7 ஏ.எச்.க்கு மேல போவும், திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் கழக்கூட்டம் ஃப்ளாட்ல சும்மா நிக்குற வண்டி வெள்ளி சாயங்காலம் டிக் டிக்னுதான் கேக்கும்.

நான் தந்துவிட்ட மல்டிமீட்டர எடு. செவப்பு வயர 10 ஆம்ப் ஓட்டைல சொருவு, இத மறந்துராத. கதவ தொறந்து வச்சு பூட்டு கொக்கிய மட்டும் ஸ்க்ரூ ட்ரைவரால அமுக்கி விடு, வண்டி கதவு சாத்தியாச்சுன்னு நெனச்சுக்கும் (பொறவு ஹேண்டில இழுத்து கொக்கிய விடுவிச்சிட்டுத்தான் கதவ சாத்தணும், நான் ஒரு தடவ அப்படியே அடிச்சு சாத்தி பெயிண்ட் போச்சு, உங்கம்மைக்கு இன்னும் அது மறக்கல). சாவிய வீட்டுக்குள்ள வச்சிரு. மைனஸ் வயர கழட்டி, வயருக்கும் பேட்டரிக்கும் நடுவுல மீட்டர். உடனே நம்பர் கூடுதலா காட்டும், பயப்படாத, அரைமணிக்கூர் விடு, உள்ள இருக்க கம்ப்யூட்டர்லாம் ஒறங்கணும். 50 மில்லிக்கு கீழ வந்தா சரி. வரலன்னா ஃப்யூஸ ஒவ்வொண்ணா உருவு, எத உருவும்போ நம்பர் விழுதோ அந்த லைன்தான். மீட்டர் மாட்டிருக்கும்போ ஸ்டார்ட் மட்டும் பண்ணிராத, மீட்டர் ஃப்யூஸ் போயிரும்.

எத உருவியும் விழலன்னா ஆல்டர்னேட்டர் டயோடு (கரண்ட ஒரு பக்கமா மட்டும் விடுற பொருள்) லீக்கா இருக்கும், இல்லன்னா யாராவது நேரா பேட்டரில இழுத்த வயரு. ப்ளஸ்ல மெல்லிசா ஒரு எக்ஸ்ட்ரா வயர் இருக்கான்னு மொதல்ல பாரு, மாப்பிள்ளை டேஷ் கேமரா வச்சாருல்லா. நான் சொன்னேன்னு அவருட்ட சொல்லாண்டாம், மீட்டர் சொல்லட்டும்.

அப்பா